கண்ணுக்கு எட்டாத கம்பிகள்

பன்னிரு கம்பிக் கிட்டாரைக் கற்பிப்புக் காணொளிகளிலிருந்தே முழுமையாகக் கற்றுக்கொள்ளலாம் என்பது இன்று கிட்டார் பழகுவோரிடையே ஏறத்தாழ எதிர்ப்பின்றி நிலவும் கருத்து. அதனை மறுக்க முற்படுபவர், அக்கருத்தை அதன் ஆதரவாளர்கள் சொல்லும் மிக வலுவான வடிவிலேயே எடுத்துக்கொள்வதுதான் முறை. ஆறு கம்பிக் கிட்டாரை ஓரளவு வாசிக்கத் தெரிந்தவருக்குப் பன்னிரு கம்பிக் கிட்டார் புதிய வாத்தியம் அன்று, ஒவ்வொரு கம்பிக்கும் பக்கத்தில் ஒரு துணைக் கம்பி சேர்ந்திருப்பதொன்றே வேறுபாடு, இடக்கை பிடிக்கும் சுரக்கூட்டுகளாகிய கார்டுகள் பழையவையே என்று அவர்கள் சொல்கிறார்கள். சுருதி சேர்க்கும் வேலையைக் கைப்பேசிச் செயலியோ கிட்டாரின் தலைப்பகுதியில் கவ்வி நிற்கும் சுருதிமானியோ பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். தேர்ந்த கலைஞர் ஒருவரின் இரு கைகளையும் ஒரு முழத் தொலைவிலிருந்து பார்ப்பதுபோல் காணொளியில் பார்க்கலாம், வேகத்தைக் கால் பங்காகக் குறைக்கலாம், ஒரே இடத்தை நூறு முறை திருப்பிப் போடலாம், எந்த ஆசிரியரும் இவ்வளவு பொறுமை காட்டமாட்டார் என்கிறார்கள். இறுதியாக, இந்த வாத்தியத்தின் பெருங்கலைஞர்களே பள்ளிக்குப் போகாமல் பிறரைப் பார்த்துக் கற்றவர்கள்தாம் என்று வரலாற்றையும் துணைக்கு அழைக்கிறார்கள்.

இவற்றுள் முற்றிலும் பொய் என்று தள்ளத்தக்கது எதுவுமில்லை. வேகத்தைக் குறைத்துப் பார்க்கும் வசதி உண்மையானது. பன்னிரு கம்பி வாசிக்கும் ஆசிரியர் ஒருவர்கூட இல்லாத ஊரில் வாழும் மாணவருக்குக் காணொளி திறந்துவிட்ட வழி பெரியது, அதனை இகழ்வது நேர்மையாகாது. பிழை இருப்பது இவற்றிலிருந்து எடுக்கப்படும் முடிவில். காணொளி கண்ணை ஆசிரியராக்குகிறது. பன்னிரு கம்பிக் கிட்டாரோ, பிற கிட்டார் வகைகளைக் காட்டிலும் கூடுதலாக, காதினால் மட்டுமே கற்கத்தக்க வாத்தியம். அதன் நுட்பத்தில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிகழ்கிறது என்பதே கீழ்வரும் மறுப்புகள் அனைத்துக்கும் அடிப்படை.

முதல் மறுப்பு: இரட்டிப்பு என்ற கணக்கே தவறு. பன்னிரண்டு கம்பிகளும் ஆறு இணைகளாக அமைந்திருந்தாலும் அவ்விணைகள் ஒரே வகையின அல்ல. மெல்லிய இரண்டு இணைகளில் கம்பிகள் இரண்டும் ஒரே சுருதியில் நிற்க, தடித்த நான்கு இணைகளில் துணைக் கம்பி முதன்மைக் கம்பியைவிட ஒரு ஸ்தாயி மேலே, அதாவது இரு மடங்கு அதிர்வெண்ணில், நிற்கிறது. ஆறாம் இணை 82.4 ஹெர்ட்ஸும் 164.8 ஹெர்ட்ஸுமாக ஒலிக்கும்; மூன்றாம் இணை 196 ஹெர்ட்ஸும் 392 ஹெர்ட்ஸுமாக ஒலிக்கும்; விளிம்பில் இருக்கும் முதல் இணையோ 329.6 ஹெர்ட்ஸில் நின்றுவிடும். ஆகவே இந்த வாத்தியத்தின் மிக உயர்ந்த ஒலி, ஆறு கம்பிக் கிட்டாரில் பழகியவர் எதிர்பார்க்கும் முதல் கம்பியில் இல்லை. நடுவில், மூன்றாம் இணையின் துணைக் கம்பியில் இருக்கிறது.

இதன் விளைவு சிறியதன்று. ஆறு கம்பியில் பழகிய ஆரோகணத்தை அப்படியே பன்னிரு கம்பியில் வாசிப்பவர் மூன்றாம் இணையிலிருந்து இரண்டாம் இணைக்குத் தாவும்போது, மேலே கூடவே வந்துகொண்டிருந்த உச்ச ஒலி சட்டென்று அறுந்து, ஏறவேண்டிய வரிசை இறங்குவதுபோல் காதுக்குப் படும். இடக்கை விரல்கள் சரியான மெட்டுகளில்தான் இருக்கும் (மெட்டு என்பது வீணையில்போலவே கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதிக்கப்பட்ட உலோகப் பட்டை). காணொளியில் தெரியும் விரல்களும் மாணவரின் விரல்களும் ஒத்திருக்கும். ஆனால் அந்தக் கலைஞர் இடறலைத் தவிர்க்க எந்த இணையில் வலக்கையைத் தணித்தார், எந்த மெட்டு வரிசையைத் தேர்ந்து அந்தத் தாவலையே விலக்கினார் என்பது, அந்த இடறலைத் தம் காதால் முன்பே உணர்ந்தவருக்குத்தான் புலப்படும்.

இரண்டாம் மறுப்பு: சுருதி சேர்ப்பதை வாசிப்புக்கு முந்தைய வேலையாகக் கருதுவது. நிலவும் கருத்தின் வேரே இதுதான் என்பதால் இதனைச் சற்று விரிவாக ஆராய வேண்டும்.

ஒரே சுருதியில் நிற்கவேண்டிய இரண்டு கம்பிகள் சிறிதே விலகினாலும் ஒலி சீரான இடைவெளியில் பெருத்தும் சிறுத்தும் அலையும். இயற்பியல் பாடநூல்கள் இதனை விம்மல் என்று அழைக்கின்றன. விம்மலின் எண்ணிக்கை அதிர்வெண்களின் வேறுபாட்டுக்குச் சமம் என்பதால், 329.6 ஹெர்ட்ஸில் ஒரு கம்பியும் 330.6 ஹெர்ட்ஸில் அதன் துணையும் நின்றால் விநாடிக்கு ஒரு விம்மல் கேட்கும். இப்போது சுருதிமானியை எடுத்துக்கொள்வோம். ஒரு ஸ்தாயியை 1200 சமப் பங்குகளாகப் பிரித்தால் கிடைக்கும் மிகச்சிறு அளவு சென்ட் எனப்படும். ஒரு சென்ட் வரை துல்லியமான, அதாவது நல்ல, சுருதிமானி முதல் இணையின் ஒரு கம்பியை ஒரு சென்ட் கூடுதலாகவும் மற்றதை ஒரு சென்ட் குறைவாகவும் விட்டுவிட்டு இரண்டுக்கும் பச்சை விளக்கைக் காட்டக்கூடும். அந்த இரண்டு சென்ட் இடைவெளி ஏறத்தாழ 0.4 ஹெர்ட்ஸ் ஆகும். இரண்டரை விநாடிக்கு ஒருமுறை ஒலி விம்மும். கருவி சரி என்று சொல்லும். காது இல்லை என்று சொல்லும். காது சொல்வதே உண்மை. ஒற்றைக் கம்பிகள் கொண்ட கிட்டாரில் இந்த இரண்டு சென்ட் யாருக்கும் கேட்காது, ஏனெனில் அதனோடு ஒப்பிட அருகில் இன்னொரு கம்பி இல்லை. பன்னிரு கம்பியில் ஒவ்வொரு கம்பியும் தன் துணையால் ஓயாமல் சோதிக்கப்படுகிறது.

ஸ்தாயி இணைகளில் நிலைமை இன்னும் நுண்மையானது. தடித்த கம்பி தன் அடிப்படை ஒலியோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு என்று மேற்சுரங்களையும் எழுப்புகிறது. துணைக் கம்பி ஒத்துப்போகவேண்டியது அந்த இரு மடங்கு மேற்சுரத்தோடு. கம்பிக்கு விறைப்பு என்ற குணம் உண்டு; அதனால் உண்மையான கம்பியின் மேற்சுரம் கணக்குப்படியான இரு மடங்கைவிட மிகச் சிறிதளவு உயர்ந்து நிற்கும். செயலி கணக்கு இரு மடங்கைக் காட்டும். விம்மல் நிற்கும் இடம் அதற்கு ஒரு மயிரிழை மேலே இருக்கலாம். இதற்கும் மேலாக, ஓர் இணையின் இரண்டு கம்பிகளும் பெரும்பாலான கிட்டார்களில் ஒரே சாய்ந்த எலும்புத் துண்டின்மேல், வீணைக்காரர்கள் குதிரை என்று சொல்லும் பாகத்தில், அமர்ந்திருக்கின்றன. தடிமனில் வேறுபட்ட அவ்விரு கம்பிகளுக்கும் மெட்டுகளில் சுருதி சரியாக நிற்க வெவ்வேறு நீளங்கள் தேவைப்பட, ஒரே துண்டு இரண்டுக்கும் சரியான நீளத்தைத் தர இயலாது. எனவே திறந்த நிலையில் துல்லியமாகச் சேர்த்த இணை ஏழாம் மெட்டிலோ ஒன்பதாம் மெட்டிலோ பிசகும். வாசிக்கப்போகும் பாடல் கழுத்தின் எந்தப் பகுதியில் அதிகம் நடமாடும் என்பதை அறிந்து, அங்கே இணக்கம் கிட்டுமாறு திறந்த நிலையில் ஒரு சிறு விட்டுக்கொடுத்தலைச் செய்வது தேர்ந்தவர்களின் வழக்கம். எந்தச் செயலிக்கும் அடுத்து வரப்போகும் பாடல் தெரியாது.

கார்டுகளின் சிக்கல் இதனோடு சேர்ந்துகொள்கிறது. மூன்றாம் இணைக்கும் இரண்டாம் இணைக்கும் இடையே உள்ள இடைவெளி, மேற்கத்திய இசையில் பெரிய மூன்றாம் சுரம் எனப்படுவது (நம் இசையில் சட்சத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் உள்ள தொலைவு), இன்றைய சமப்பிரிப்பு முறையில் 400 சென்ட். இயற்கை மேற்சுரங்களின்படி அது 386 சென்ட் அளவே. அந்தப் பதினான்கு சென்ட் வேறுபாட்டைக் காது இனிமையாக உணரும்வரை குறைத்துவிட்டால் ஒரு கார்டு தேனாய் ஒலிக்கும், அடுத்த கார்டு புளிக்கும். பன்னிரு கம்பியில் இந்த மோதல் நான்கு கம்பிகளுக்கிடையே ஒரே நேரத்தில் நிகழ்வதால் மறைக்க வழியில்லை. எவ்வளவு குறைப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்பது ரசனையும் தீர்ப்பும் சார்ந்த முடிவு. அதைவிட முக்கியமானது: இந்த வாத்தியத்தை மக்கள் விரும்பக் காரணமான அந்த மினுமினுப்பே, இணைகள் முழுமையாக ஒன்றிவிடாமல் மிக மெதுவாக விம்மிக்கொண்டிருப்பதாலும் இரண்டு கம்பிகள் ஒரே கணத்தில் தீண்டப்படாததாலும் பிறப்பது. விம்மலை முற்றிலும் கொன்றுவிட்டால் ஒலி தட்டையாகும்; விட்டுவிட்டால் கலங்கும். இடையில் எங்கே நிறுத்துவது என்று தெரிந்துகொள்வதே இந்த வாத்தியத்தின் முதல் நுட்பம், வாசிப்பின் தொடக்கப் பாடம். தம்புராவின் நடுக் கம்பிகள் இரண்டையும் ஒரே சட்சத்தில் நிறுத்திக் கேட்டுப் பழகும் மரபில் வளர்ந்த எவருக்கும் இது விளங்கும். சுருதி சேர்க்கும் நேரத்தை வீணான நேரம் என்று அந்த மரபு ஒருபோதும் எண்ணியதில்லை.

காணொளி இங்கே என்ன செய்கிறது? பொதுவாக அது சுருதி சேர்ந்த கிட்டாரோடுதான் தொடங்குகிறது. சுருதி சேர்ப்புக்கென்றே எடுக்கப்படும் காணொளிகளோ ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாக ஒலித்து, மாணவர் தம் கம்பியை அதனோடு பொருத்திக்கொள்ளும்படி சொல்கின்றன. இது முறையைத் தலைகீழாக்குவது. முதலில் ஒவ்வோர் இணையிலும் ஒரு கம்பியை விரலால் அடக்கிவிட்டு ஆறு முதன்மைக் கம்பிகளை மட்டும் சேர்க்கவேண்டும். பின்பு ஒவ்வொரு துணையையும் வெளியிலிருந்து வரும் ஒலியோடு அன்றி, அதன் சொந்த இணையோடு விம்மல் அடங்கும்வரை சேர்க்கவேண்டும். ஒரு கம்பியை முறுக்கும்போது கழுத்தும் பலகையும் இம்மியளவு வளைந்து முன்பு சேர்த்த கம்பிகள் தளர்வதால், முழுச் சுற்றையும் மீண்டும் ஒருமுறை வரவேண்டும். இந்த இரண்டாம் சுற்றில்தான் மாணவரின் காது வளர்கிறது. பச்சை விளக்கு அந்தச் சுற்றை அவரிடமிருந்து பறித்துவிடுகிறது.

மூன்றாம் மறுப்பு: அருகில் பார்த்தால் எல்லாம் தெரியும் என்பது. ஓர் இணையின் கம்பிகளுக்கிடையே உள்ள இடைவெளி ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர். மிதமான வேகத்தில் கீழ்நோக்கி வரும் பிக், அதாவது கம்பியைத் தட்டும் சிறு தகடு, அந்த இடைவெளியைச் சில மில்லி விநாடிகளில் கடந்துவிடும். விநாடிக்கு முப்பது சட்டகங்கள் எடுக்கும் காணொளியில் ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 33 மில்லி விநாடி ஓடிவிடுகிறது. ஆகவே பிக் முதலில் எந்தக் கம்பியைத் தொட்டது, இரண்டையும் ஒரே அளவில் தொட்டதா, ஒன்றை உரசிவிட்டு மற்றதில் அழுந்தியதா என்ற கேள்விகளுக்கான விடை இரண்டு சட்டகங்களுக்கு நடுவே விழுந்து தொலைந்துபோகிறது. வேகத்தைக் கால் பங்காகக் குறைத்தாலும் பதிவாகாதது பதிவாகிவிடாது. இருக்கும் சட்டகங்களே மெதுவாக நகரும்.

விடை தொலைந்துபோவது அற்பமான இழப்பு என்று எண்ண இடமில்லை. பெரும்பாலான பன்னிரு கம்பிக் கிட்டார்களில் மேல் ஸ்தாயித் துணைக் கம்பி வாசிப்பவரின் முகத்தை நோக்கிய பக்கத்தில் இருப்பதால், கீழ்நோக்கிய வீச்சு துணையை முதலிலும் முதன்மைக் கம்பியைப் பின்னரும் தொடும். ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் மின் கிட்டார்களில் இந்த வரிசை மாறி, தடித்த கம்பி முதலில் வரும். ஒரே வீச்சு, ஒரே கார்டு, ஒரே வேகம். ஆயினும் ஒன்றில் மணியோசை முந்தும், மற்றதில் அடியோசை முந்தும். தம் கையில் ஒரு வகையை வைத்துக்கொண்டு திரையில் மறு வகையைப் பார்த்துப் பழகும் மாணவர், கையசைவை எவ்வளவு நேர்த்தியாக நகலெடுத்தாலும் அந்த ஒலியை அடையமாட்டார். தவறு தம் மணிக்கட்டில் இருப்பதாக எண்ணி வாரக்கணக்கில் அதனைத் திருத்த முயல்வார். கைப்பேசிக் கேமராவில் அதிரும் கம்பிகள் பெரிய அலைகளாக நெளிவதுபோல் தெரிவதும் அப்படிப்பட்ட மாயைதான்: படம் ஒரே கணத்தில் பதியாமல் வரிவரியாகப் பதிவதால் உண்டாகும் தோற்றம் அது, கம்பி அவ்வாறு நெளிவதில்லை.

நான்காம் மறுப்பு: காணொளியில் ஒலியும் இருக்கிறதே என்பது. இருக்கிறது, அது எந்த ஒலி என்பதே கேள்வி. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கி ஆறாம் இணையின் 82 ஹெர்ட்ஸ் அடிப்படை ஒலியை ஏறக்குறைய வெளியிடுவதே இல்லை. மேற்சுரங்களிலிருந்து மூளை அதனை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. துணைக் கம்பிகள் மட்டும் முழு வலுவோடு வந்து சேர்கின்றன. அப்படிக் கேட்டுப் பழகுபவர் அந்தப் பிரகாசத்தைத் தம் கிட்டாரிலும் பெற வலக்கையைக் கூர்மையாக வீசத் தொடங்குவார்.

புகழ்பெற்ற பதிவுகளைப் பொறுத்தவரை இடைவெளி இன்னும் பெரிது. பேர்ட்ஸ் குழுவின் ரோஜர் மெக்வின் 1965இல் பதிவான 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாடலில் வாசித்த ரிக்கன்பேக்கரின் நீண்டு நிற்கும் மணியோசை, பதிவகத்தில் கம்ப்ரசர் என்ற கருவியால், அதாவது உரத்த ஒலியை அமுக்கி மெல்லிய ஒலியை உயர்த்தும் கருவியால், பெருமளவு உருவாக்கப்பட்டது. விரல்களை மட்டும் காட்டும் பாடத்தில் அந்த நீட்சிக்குக் காரணம் விரல்களில் தேடப்படும். பீட்டில்ஸ் குழுவின் 'எ ஹார்ட் டேஸ் நைட்' பாடலின் (1964) தொடக்கக் கார்டு எந்தச் சுரங்களால் ஆனது என்பது பல பத்தாண்டுகள் விவாதிக்கப்பட்டதும், கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஜேசன் பிரவுன் அதிர்வெண் பகுப்பாய்வைக் கையாண்டு அதில் பியானோவின் பங்கைக் காட்டியதும் பலரும் அறிந்தவை. ஜார்ஜ் ஹாரிசனின் பன்னிரு கம்பிக் கிட்டாரோடு பிற வாத்தியங்களும் அதில் கலந்திருக்க, அந்தக் கார்டைத் தனி ஒரு கிட்டாரில் இப்படிப் பிடித்தால் போதும் என்று உறுதியாகக் காட்டும் பாடங்களுக்குக் குறைவில்லை.

ஐந்தாம் மறுப்பு: உடல் தானே பழகிக்கொள்ளும் என்பது. மெல்லிய கம்பிகள் பூட்டிய ஆறு கம்பிக் கிட்டாரின் மொத்த இழுவிசை சுமார் 70 கிலோவைச் சற்றுத் தாண்டும். பன்னிரு கம்பியில் அது 110 கிலோவை நெருங்கும். இடக்கை விரல் ஒவ்வொன்றும் இரண்டு கம்பிகளை ஒருசேர அழுத்தவேண்டும், அதுவும் தடித்ததும் மெல்லியதுமான இரண்டை. தேவைக்குமேல் அழுத்தினால் கம்பி மெட்டுக்குப் பின்னால் இழுபட்டுச் சுருதி ஏறும். பக்கவாட்டில் சாய்த்து அழுத்தினால் இணையில் ஒன்று மட்டும் விலகும். எவ்வளவு அழுத்தம் என்பது காணொளியில் தெரியாத அளவு. விரல் நுனி வெளுப்பதுகூடத் திரையின் வெளிச்சத்தில் மறைந்துவிடும்.

இதற்குத் தீர்வு கம்பியின் சுருதியைத் தாழ்த்துவதில் தொடங்குகிறது. எல்லாக் கம்பிகளையும் இரண்டு மெட்டு அளவு தாழ்த்தினால் இழுவிசை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். இரண்டாம் மெட்டில் கேப்போ எனப்படும் கவ்வியைப் பூட்டினால் பழைய சுருதியும் திரும்பக் கிடைக்கும். கழுத்தும் பிழைக்கும், மூன்றாம் இணையின் மெல்லிய துணைக் கம்பி அறுந்து விழுவதும் குறையும். 1969இல் '6- அண்ட் 12-ஸ்டிரிங் கிட்டார்' என்ற இசைத்தட்டால் பெயர் பெற்ற லியோ காட்கி தாழ்ந்த சுருதியில் வாசிப்பவர். அவரே விரல்களில் பிக் அணிந்து வலுவாக வாசித்துவந்த முறையால் 1980களின் தொடக்கத்தில் வலக்கைத் தசைநாண்களில் பாதிப்புற்று, பிக்குகளைக் கைவிட்டு வெறும் விரல்களால் வாசிக்கும் முறையைப் புதிதாகக் கற்கவேண்டியதாயிற்று. அவருடைய பழைய வாசிப்பை இன்று திரையில் பார்த்து நகலெடுக்கும் மாணவர், அவர் கைவிட்ட முறையைக் கற்கிறார். அந்தத் திரை அதனைச் சொல்லாது. அருகில் அமர்ந்திருக்கும் ஒருவர் மாணவரின் தோள் விறைப்பதைக் கண்டு முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவார்.

ஆறாம் மறுப்பு: வரலாறு காணொளியின் பக்கம் நிற்கிறது என்பது. இந்த வாதத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுபவர்களையே பார்க்கலாம். லெட் பெல்லி என்ற பெயரால் அறியப்பட்ட ஹடி லெட்பெட்டர், 1933இல் லூசியானா மாநிலச் சிறையில் ஜான் லோமாக்ஸும் அவர் மகன் ஆலன் லோமாக்ஸும் பதிவுசெய்தபோது பன்னிரு கம்பியில் தமக்கென ஒரு முழு நடையை உருவாக்கியிருந்தார். ஸ்டெல்லா கிட்டாரின் கம்பிகளை வழக்கத்தைவிட மிகவும் தாழ்த்தி, பெருவிரலால் உருட்டிவிடும் அடியோசை அந்த நடையின் முதுகெலும்பு. அந்த அடியோசையை அவர் எடுத்தது ஷ்ரீவ்போர்ட் நகரின் ஃபேனின் தெருவில் மதுக்கடைகளில் பியானோ வாசித்தவர்களின் இடக்கையிலிருந்து. பியானோ வாசிப்பவரின் விரல்களைப் பார்த்துக் கிட்டாரில் நகலெடுக்க எதுவுமில்லை. இரண்டு வாத்தியங்களின் கையமைப்பும் வேறு. கேட்ட ஒலியைத் தம் கம்பிகளில் தேடிப்பிடித்ததால்தான் அது பிறந்தது. பார்த்துக் கற்றவர் என்று காட்டப்படும் மனிதர் உண்மையில் கேட்டுக் கற்றலின் மிகச் சிறந்த சான்று.

ரோஜர் மெக்வினோ 1964இல் பீட்டில்ஸ் படத்தில் ஹாரிசனின் கையிலிருந்த ரிக்கன்பேக்கரைப் பார்த்துவிட்டு அதே வகைக் கிட்டாரை வாங்கியவர். திரையைப் பார்த்துக் கற்றதற்கு இதைவிட நேரடியான எடுத்துக்காட்டு இல்லை என்று சொல்லப்படும். திரை அவருக்குக் காட்டியது எந்தக் கிட்டாரை வாங்குவது என்பதை. அவர் அதில் வாசித்ததோ, சிகாகோவின் ஓல்டு டவுன் நாட்டுப்பாடல் பள்ளியில் ஆசிரியர்களிடம் பயின்ற பான்ஜோ விரலோட்டம்: பெருவிரலும் சுட்டுவிரலும் தட்டையான பிக்கைப் பிடிக்க, அடுத்த இரு விரல்களில் உலோகப் பிக்குகள் அணிந்து கம்பிகளை உருட்டிச் செல்லும் முறை. அந்தக் கை பல ஆண்டுகள் முன்பே ஆயத்தமாக இருந்தது.

தொலைவிலிருந்து கற்பதே இயலாது என்று இதனால் முடிவுகட்டுவதும் தவறாகும். பீட் சீகர் 1962இல் ஃபோக்வேஸ் நிறுவனத்தின் வழியாக லெட் பெல்லியின் வாசிப்பு முறையைக் கற்பிக்கும் இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டார். 1965இல் ஜூலியஸ் லெஸ்டரும் அவரும் சேர்ந்து எழுதிய பாடநூலும் வந்தது. அந்த இசைத்தட்டில் கைகள் தெரியவில்லை. மாணவர் ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்து, கேட்டதைத் தம் கம்பிகளில் தேடவேண்டியிருந்தது. தேடும்போது தம் கிட்டார் சுருதி தவறியிருப்பது முதலில் தெரியவந்தது, ஏனெனில் இசைத்தட்டோடு சேர்ந்து வாசிக்காமல் தேட முடியாது. குறைவான தகவல் அதிகமான உழைப்பைக் காதிடம் கேட்டது. காணொளி கூடுதல் தகவலைத் தருகிறது. ஆனால் கண் விடையைச் சொல்லிவிடுவதால் காது வேலையை நிறுத்திவிடுகிறது. ஊடகத்தின் வளம் கற்றலின் வளமாகிவிடும் என்று எண்ணியவர்கள் தவறியது இந்த இடத்தில்தான்.

ஆசிரியர் கிடைக்காதவர் என்ன செய்வது என்ற கேள்வி எஞ்சுகிறது. நிலவும் கருத்தின் மிக நேர்மையான பகுதியும் அதுவே. அவருக்குக் காணொளி வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அவர் அதனை முதலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம். நல்ல காதணி ஒலிபெருக்கியில் கேட்கலாம். எந்த இணை ஒலிக்கிறது, அதில் முந்துவது மேலா கீழா என்று ஊகித்தபின் கண்ணைத் திறந்து சரிபார்க்கலாம். தம் வாசிப்பைப் பதிவுசெய்து, கைகளைப் பார்க்காமல் கேட்கலாம். முதல் சில வாரங்கள் செயலியை ஒரேயொரு கம்பிக்கு மட்டும் பயன்படுத்தி, மற்றப் பதினொன்றையும் அதிலிருந்து தாமே சேர்க்கலாம். இது மெதுவானது, தொடக்கத்தில் அரை மணி நேரமும் பிடிக்கும், ஆயினும் அந்த அரை மணியில் கற்பது பிற்பாடு ஒவ்வொரு பாடலிலும் பயன்படும்.

பெரும்பொறுப்பு காணொளி எடுப்பவர்களுடையது. கிட்டாரில் பூட்டியிருக்கும் கம்பிகளின் தடிமன், தாழ்த்திய சுருதி, கேப்போ நிற்கும் மெட்டு, துணைக் கம்பி எந்தப் பக்கம், ஒலியைப் பதிவுக்குப்பின் எந்தக் கருவி மாற்றியது ஆகியவற்றைச் சொல்லாத பாடம் பாதிப் பாடம். அதைவிட முதன்மையானது, கேமராவை ஓடவிட்டுக் கொண்டே சுருதி கலைந்த கிட்டாரை எடுத்து, ஒரு கம்பியை அடக்கி மறு கம்பியை முறுக்கி, விம்மல் விரைவாகி, மெதுவாகி, அடங்கும் முழு நேரத்தையும் வெட்டாமல் காட்டுவது. பன்னிரண்டு கம்பிகளையும் ஒருமுறை சுற்றிவந்தபின் இரண்டாம் முறையும் சுற்றிவரட்டும். மூன்றாம் இணையின் மெல்லிய கம்பி நடுவில் அறுந்தால், அது அறுபடும் ஓசையும் புதுக் கம்பி பூட்டப்பட்டு மெல்ல மெல்ல 392 ஹெர்ட்ஸுக்கு ஏறுவதும் அப்படியே அந்தப் பதிவில் இருக்கட்டும்.